நெகேசா கூப்பிட்டால் எட்டு மாடியும் இறங்கும்

மட்டாட்டு என்கிற சிற்றுந்தில் நெகேசா கண்டக்டராக இருந்த காலத்தில், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பைப்லைன் பேட்டை நிறுத்தத்தில் நிற்பவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். குரல் அப்படி. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு படியில் தொங்கியபடியே, "ஏறு, ஏறு, உள்ள கல்யாண மண்டபம் மாதிரி இடம் கிடக்கு" என்பாள். உள்ளே பார்த்தால் மூச்சுவிடக்கூட இடமிருக்காது. ஆனாலும் ஏறுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன்.

ஒரு மழைநாளில் அந்தப் படியே அவளை வழுக்கிவிட்டது. கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்த பிறகும் நெடுநேரம் நிற்க முடியாமல் போனது. "ஒத்தக் கால்ல தொங்குற வேலைய ரெண்டு காலும் சரியில்லாதவ செய்யக்கூடாது" என்று தானே சொல்லிக்கொண்டு கண்டக்டர் வேலையை விட்டாள். உஷிண்டி கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கடையைப் பிடித்துச் சப்பாத்தியும் அவரைப் பயறும் தேநீரும் விற்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கடை என்னுடையது. என் பெயர் முரீத்தி, முடி வெட்டுகிறவன். எங்கள் கடைகளுக்கு நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அவள் அந்தப் பக்கம் ஏதாவது சொன்னால் இந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பவர் குலுங்கிச் சிரிப்பார். நான் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். ஒருவர் காதையும் வெட்டியதில்லை. அதுவே என் சாமர்த்தியம்.

உஷிண்டிக்கு எட்டு மாடி. ஒவ்வொரு மாடியிலும் இருட்டு நடையின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், அறைக்கொரு குடும்பம், நடையின் கோடியில் பொதுக் கழிப்பறைகள். குழாய்த் தண்ணீர் அதற்கு இஷ்டமிருந்தால் வரும். இத்தனை பேர் குளிக்கிற, துவைக்கிற, கழுவுகிற எல்லாமும் ஒரே குழாயில் இறங்கி, சந்துக்கு அடியில் போகும் பழைய சாக்கடைக் குழாயில் சேரும். அந்தக் குழாய் போட்ட காலத்தில் இங்கே இருந்தது நாலு வீடும் கொஞ்சம் மாடும்தானாம். போதாததற்கு மிஞ்சின உகாலிக் களி, காய்கறித் தோல், பயற்றுச் சக்கை எல்லாவற்றையும் சிலர் கழிப்பறையிலேயே கொட்டுவார்கள். மீதிப் பேர் பையில் கட்டிப் பின்பக்கக் குப்பைமேட்டில் எறிவார்கள். மராபு நாரைகள் இடுப்புயரத்துக்கு நின்றுகொண்டு அந்தப் பைகளைக் கிழிக்கும்.

அடைத்துக்கொண்ட சாக்கடை சந்தில் பொங்கியது. பொங்கிய இடம் சரியாக நெகேசாவின் கடை வாசல். அவள் கற்களை வரிசையாகப் போட்டு வழி செய்தாள். கல் விட்டுக் கல் தாவி வந்து சாப்பிட்டவர்கள், கொஞ்ச நாளில் தாவுவதை விட்டுவிட்டு எதிர்ச் சந்துக்குப் போனார்கள். என் கடைக்கும் அதே கதிதான். நாறுகிற இடத்தில் யார் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்வார்கள்?

பிறகு ஒருநாள் காலையில் கேட்டில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சாக்கடை தெருவுக்கு வருவது மாத முடிவுக்குள் நிற்காவிட்டால் கட்டடத்தை மூடி எல்லோரையும் வெளியேற்றுவோம் என்று சுகாதார அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதிர்க் கட்டடத்தில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்முற்றத்தில் கூட்டம். கட்டடத்தின் உரிமையாளர் பெரியவர் கதூக்கு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் கூட்டி வந்திருந்த இன்ஜினியர் அவூர், முப்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். இந்தக் கழிவை இங்கேயே, இந்த முற்றத்துக்கு அடியிலேயே சுத்தம் செய்யப் போகிறோம் என்று அவள் சொன்னதும் கூட்டம் சலசலத்தது.

"மண்ணுக்கடியில குடம் கவுத்த மாதிரி ஒரு தொட்டி கட்டுவோம்" என்றாள் அவூர். "கக்கூஸ்ல போறது, உங்க சமையல்ல மிஞ்சுறது ரெண்டும் அதுக்குள்ள போகும். உள்ள கண்ணுக்குத் தெரியாத கோடி கோடிப் பூச்சிங்க இருக்கும். அதுங்களுக்குக் காத்து ஆகாது. இருட்டுல உக்காந்து தின்னும். தின்னுட்டு அதுங்க விடுற காத்துதான் அடுப்பெரிக்கிற கேஸ்."

மூன்றாவது மாடித் தையல்காரர் கியோக்கோ எழுந்தார். ஊசியை விடக் கூர்மையான நாக்கு அவருக்கு. "அப்ப பூச்சி குசு விடும், அதுல நாங்க சப்பாத்தி சுடணும். அப்படித்தான இன்ஜினியரம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவூர் சிரிக்கவில்லை. "ஆமாங்க. அதேதான்."

"அந்த அழுக்குத் தண்ணி?" என்றார் கியோக்கோ.

"தண்ணி மண்ணுக்கடியிலயே அடுத்தடுத்த அறைக்குள்ள போயித் தெளியும். அப்புறம் சரளைக்கல்லு மேல கோரை நட்ட படுகை. அதுல ஊறி வெளிய வர்ற தண்ணிய மொட்டை மாடிக்கு ஏத்துவோம். கக்கூஸ்ல ஊத்த மட்டும். குடிக்க இல்ல, குளிக்க இல்ல."

"முற்றம் முழுக்க வேணுமா?" என்று கதூக்கு மெதுவாகக் கேட்டார். முற்றத்தில் அவருடைய இரண்டு பழைய லாரிகள் நின்றன. ஓடி எத்தனையோ வருஷமாகியிருக்கும். அந்த லாரிகளில் மணல் ஓட்டித்தான் அவர் இந்தக் கட்டடத்தையே கட்டினார்.

"முழுக்க வேணும்."

"நீல லாரிய எடுத்துக்கோங்க. பச்சை இருக்கட்டும்."

தகரச் சுவரோரம் மணையில் உட்கார்ந்திருந்த நெகேசா அப்போதுதான் எழுந்தாள். "பெரியவரே, ஓடாத லாரிக்கு இங்க வீடு இருக்கு. ஓடியாடுற எங்களுக்கு வீடு போகப் போகுது. நீங்களே சொல்லுங்க, மாசாமாசம் உங்களுக்கு வாடகை யாரு குடுக்குறது, நாங்களா, பச்சை லாரியா?"

கதூக்கு தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பச்சை லாரியிடம் போய் அதன் முகப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். "தள்ளுங்கப்பா" என்றார்.

அன்றே இரண்டையும் முற்றத்துக்கு வெளியே தள்ளினோம். டயரில் காற்றில்லாத லாரியைத் தள்ளியது என் வாழ்நாளில் அதுதான் ஒரு தடவை. நெகேசா முன்னால் நின்று பின்பக்கமாக நடந்துகொண்டே, "வா, வா, வா, இன்னும் ஒரு ஆளு இடம் இருக்கு, வா" என்று கத்தினாள். எட்டு மாடி ஆண்களும் பெண்களும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.

மறுநாளே தோண்ட ஆரம்பித்தார்கள். கொத்தனார்கள் தவிர, வேலைக்குப் போகாத எல்லோரும் மண் சுமந்தோம். நான் இரண்டு தலைக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் போய் வாளி தூக்கினேன். பள்ளம் ஆளுயரம் ஆனது, இரண்டு ஆளுயரம் ஆனது, பிறகு செங்கல் வளைந்து வளைந்து உயர்ந்து கூரையாக மூடிக்கொண்டது. ஒவ்வொரு நாளும் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆட்கள் சாய்ந்துகொண்டு பார்ப்பார்கள். ஏதோ பந்தயம் நடக்கிற மைதானம் போல இருந்தது எங்கள் முற்றம்.

நெகேசாவுக்கு அவூர் கொடுத்த வேலை வேறு. "கட்டுறது எங்க வேலை அக்கா. ஆனா வாளியப் பிரிச்சுக் குடுக்கலன்னா நான் கட்டுறது எல்லாம் வீண். மிஞ்சின சாப்பாடும் தோலும் தனியா வரணும். எலும்பு வேணாம், அவகாடோ கொட்டை வேணாம், பிளாஸ்டிக் வேணவே வேணாம். என் குரல் ரெண்டாவது மாடிக்கு மேல போகாது."

"கக்கூஸ்லயே வேணுங்கற அளவு வருதே. சாப்பாடு எதுக்கு?"

"வயித்துக்குள்ள போய் வந்ததுல சத்த நாமளே எடுத்துடுறோம். மிச்சமிருக்குற கேஸ் கொஞ்சந்தான். வயித்துக்குள்ள போகாத சாப்பாட்டுலதான் பலமே இருக்கு."

மாடிக்கொரு மஞ்சள் வாளி வந்தது. தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்துக்கு முன்னால், நெகேசா முற்றத்தின் நடுவில் நின்று பழைய கண்டக்டர் குரலை எடுப்பாள். "ஆறாவது மாடி, இறங்கு இறங்கு. வாளியோட இறங்கு. நாலாவது மாடி, என்ன தூக்கமா? வண்டி கிளம்புது." தூக்கக் கண்ணோடு ஆட்கள் இறங்குவார்கள். அவள் வாளிக்குள் எட்டிப் பார்ப்பாள். "இது யாரு வீட்டுக் கோழி எலும்பு? ஞாயித்துக்கிழம கோழி தின்னவங்க கைதூக்குங்க." கோழி தின்றதை ஊரறியச் சொன்னால் யார்தான் மறுபடி எலும்பைப் போடுவார்கள்? அப்படியும் எலும்பு விழுந்தால் அது கியோக்கோவின் வாளியிலிருந்துதான் வரும். வேண்டுமென்றே போடுவார். "பூச்சிக்கும் கொஞ்சம் கறி குடுங்க நெகேசா, பாவம்" என்பார்.

மாத முடிவு நெருங்கியது. தொட்டி தயார், அறைகள் தயார், கோரையும் நட்டாயிற்று. ஒன்றே ஒன்று பாக்கி. "பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, தொட்டிக்கும் உறை ஊத்தணும். புது மாட்டுச் சாணம். அதுலதான் பூச்சிங்க இருக்கு. சாணம் போடாம நான் குழாயத் திருப்ப மாட்டேன், திருப்பினா தொட்டி கெட்டுப்போயிடும்" என்றாள் அவூர். அத்தி ஆற்றுப் பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து ஒரு லாரி நிறையச் சாணம் சனிக்கிழமை வரும் என்று ஏற்பாடு. அதிகாரிகள் வருவது திங்கட்கிழமை.

சனிக்கிழமை லாரி வரவில்லை. மத்தியானம் அவூருக்கு போன் வந்தது. பண்ணைக்கு வெளியிலேயே லாரியின் அச்சு உடைந்து, மூட்டைகளோடு சாலையோரம் சாய்ந்து கிடக்கிறதாம். வேறு லாரிக்கு அவள் எங்கெங்கோ பேசிப் பார்த்தாள். வார இறுதியில், அதுவும் சாணம் ஏற்ற, யாரும் சம்மதிக்கவில்லை. முற்றத்தில் எல்லோர் முகமும் விழுந்துவிட்டது.

நெகேசா கையைத் துடைத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தாள். "முரீத்தி, கடையப் பூட்டு. என்கூட வா."

"எங்க அக்கா?"

"நிறுத்தத்துக்கு."

நிறுத்தத்தில் அவள் தேடிப்போனது கமாண்டேயை. முன்பு அவள் கூட வண்டி ஓட்டியவன். இப்போது அவன் ஓட்டுவது கிம்புங்கா என்ற புது மட்டாட்டு. பெயருக்குச் சூறாவளி என்று அர்த்தம். பக்கமெல்லாம் ஊதாவும் தங்கமுமாக ஓவியம், உள்ளே ஓடி ஓடி எரியும் விளக்கு, பீரோ அளவில் ஸ்பீக்கர். அவன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கமாண்டே, சவாரி இருக்கு. அத்தி ஆறு போயி வரணும்."

"எத்தன பேரு அக்கா?"

"ஆளு நாங்க ரெண்டு பேரு. மத்தது சாணம்."

அவன் துணியைக் கீழே போட்டான். "சாணமா? என் வண்டியிலயா? சீட்டு உறைய பிரிச்சு ஒரு வாரம்கூட ஆகல."

"சீட்டக் கழட்டிடுவோம். தார்பாய் விரிப்போம்."

"நாத்தம் போகுமா?"

"உன் பழைய வண்டியில நீ போட்டுட்டிருந்த செண்டு நாத்தத்தையே தாங்கிட்டு நான் வேல பாத்தேன். இது மாடு. நல்ல புல்லுத் தின்ன மாடு."

"அக்கா, வேற யாரையாவது கேளு."

நெகேசா குரலைத் தணித்தாள். அவள் குரல் தணிந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "உன் தங்கச்சி அஞ்சாவது மாடியில இருக்காளா இல்லையா? கைக்குழந்தையோட. திங்கக்கெழம கட்டடத்தப் பூட்டினா அவ எங்க போவா? உன் வீட்டுக்குத்தான் வருவா. உன் பொண்டாட்டியும் அவளும் ஒரே அடுப்புல நிக்கறத நீ பாத்திருக்கியா?"

கமாண்டே பார்த்திருக்கிறான் என்று அவன் முகமே சொன்னது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

மொம்பாசா சாலையில் நாங்கள் போன வேகத்தை நான் யாரிடமும் முழுதாகச் சொல்வதில்லை. பண்ணைக்கு வெளியே, சாய்ந்த லாரிக்கு அடியில் டிரைவர் நிழலில் படுத்திருந்தார். மாடு மேய்க்கும் மாசாய்க்காரர் ஒருவர் குச்சியில் சாய்ந்து நின்று கிம்புங்காவையும் அதன் ஓடும் விளக்குகளையும் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டார்.

"ஆமா, எங்க கட்டடத்துக்குக் கல்யாணம். சீர்வரிசைய ஏத்துங்க" என்றாள் நெகேசா. அவர் வாய்விட்டுச் சிரித்து, இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு, எங்களோடு சேர்ந்து மூட்டை தூக்கினார். ஈர மூட்டை ஒவ்வொன்றும் தோளை அழுத்தியது. என் முதுகில் சாணத் தண்ணீர் வழிந்து இடுப்பு வரை இறங்கியது. கமாண்டே ஒவ்வொரு மூட்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி ஜன்னல் மட்டம் வரைக்கும் நிறைந்தது.

திரும்புகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலை முழுக்க வண்டிகள் அசையாமல் நின்றன. எங்களுக்கோ இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கமாண்டே மட்டாட்டுக்காரர்கள் மட்டுமே அறிந்த சந்துகளில் புகுந்தான். நெகேசா தன் கால் நிலைமையை மறந்து வாசலில் நின்றுகொண்டு, எங்கள் வண்டிக் கூரையைத் தட்டி முன்னால் நிற்கிற வண்டிகளை விலக்கினாள். மழையில் அவள் முகம் பளபளவென்றிருந்தது. இருபது வயது குறைந்தவள் போலிருந்தாள்.

ஒரு நிறுத்தத்தில் நாங்கள் வேகம் குறைத்ததும், மழையில் நனைந்துகொண்டிருந்த கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள் ஓடி வந்து, அவள் தடுப்பதற்குள் உள்ளே ஏறிவிட்டார்கள். ஏறிய வேகத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தும்விட்டார்கள்.

"இது என்ன?" என்றார் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"சாணம்" என்றாள் நெகேசா.

"எதுக்கு?"

அவள் சொன்னாள். மழைக்குள் அவர்களை இறக்கிவிட மனசில்லாமல் கூட்டிக்கொண்டே வந்தோம். டோன்ஹோம் வருவதற்குள் அந்த இரண்டு பேரும் தொட்டி, பூச்சி, கேஸ் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். இறங்கும்போது ஒருவர், "எங்க கட்டடத்துலயும் இதே கதிதான். நம்பர் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச தூரத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கமாண்டே நிறுத்தினான். "பின்சீட்டு எங்க? என்ன சாமான் ஏத்தியிருக்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் கதவை முழுசாகத் திறந்தார். வண்டிக்குள் அடைந்திருந்த வாசனை அத்தனையும் ஒரேயடியாக அவர்மேல் இறங்கியது. அவர் படாரென்று கதவைச் சாத்தினார். இரண்டு அடி பின்னால் போய் நின்று, "போங்க. சீக்கிரம் போங்க" என்றார்.

உஷிண்டி சந்துக்குள் கிம்புங்கா நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கமாண்டே பாட்டைப் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். எட்டு மாடியிலிருந்தும் ஆட்கள் படிகளில் ஓடி இறங்கினார்கள். நெகேசா கூப்பிட வேண்டியதே இல்லை. கேட்டிலிருந்து தொட்டி வாய் வரைக்கும் வரிசை நின்று, மூட்டையைப் பிரித்து வாளி வாளியாகக் கைமாற்றினோம். நல்ல உடுப்புப் போட்டிருந்தவர்கள்கூட நின்றார்கள். பெரியவர் கதூக்கு தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் எனக்கு அடுத்து நின்றார். கியோக்கோ மட்டும் மூன்றாம் மாடியிலிருந்து, "சாணத்துக்கு இவ்வளவு ஊர்வலமா" என்று கேட்டார். ஆனால் அங்கிருந்தபடியே கடைசி வாளி வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவூர் தண்ணீரைக் கலக்கிவிட்டு, குழாயின் வாயைத் திருப்பினாள். எல்லோரும் சந்துக்கு ஓடினோம். நெகேசாவின் வாசலில் பொங்கிக்கொண்டிருந்த சாக்கடை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, மூடியின் விளிம்புக்குக் கீழே இறங்கி, காணாமல் போனது.  நெகேசா தான் போட்டிருந்த கற்களில் ஒன்றைத் தூக்கி ஓரமாக வீசினாள். அதைப் பார்த்து ஆளுக்கொரு கல்லை எடுத்து வீச ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை வந்த அதிகாரிகள் சந்தில் மேலும் கீழும் நடந்தார்கள். தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு அறிவிப்பைக் கிழிக்கவில்லை. அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டி, மூன்று மாதம் தொடர்ந்து இப்படி இருந்தால் எடுத்துவிடுவோம் என்றார்கள். எங்களுக்கு அது போதும்.

கேஸ் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பொதுச் சமையலறை என்று முற்றத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, நான்கு அடுப்பு வைத்திருந்தார்கள். இரண்டாவது வாரம் குழாயில் காற்று வந்தது. நாங்கள் கூடி நின்று நெருப்பைக் காட்டினோம். குச்சி அணைந்துபோனது. இன்னொரு குச்சி, அதுவும் அணைந்தது. கியோக்கோ மேலிருந்து கைதட்டினார்.

"முதல்ல வர்ற காத்து எரியாது. வெளிய விட்டுடணும். பொறுங்க" என்றாள் அவூர். யாருக்கும் நம்பிக்கையில்லை. நெகேசா மட்டும் காலையில் மாடிகளைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலையில் அவூர் மறுபடி வால்வைத் திறந்து குச்சியை நீட்டினாள். பொக்கென்று ஒரு சத்தம். பர்னரைச் சுற்றி நீலமாக ஒரு வளையம். மாலை வெளிச்சத்தில் கையை நீட்டினால்தான் அது எரிகிறது என்றே தெரிந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் குப்பைமேட்டிலிருந்த நாரைகள் எல்லாம் பறந்தன. கமாண்டேயின் தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடினாள். நான் யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். யாரென்று இன்றுவரை தெரியாது.

அடுத்த நாள் நெகேசா முதல் சப்பாத்தியை அந்த அடுப்பில் சுட்டாள். மாவு உப்பி, பொன்னிறப் புள்ளி விழுந்து, எந்தக் குறையும் இல்லாத சப்பாத்தி. நான்தான் முதலில் தின்றேன். பிறகு ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். கரிப்புகை இல்லாததால் பெண்கள் வரிசையாகப் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அடுப்புப் போதவில்லை, முறை வைக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தை நான் கவனித்திருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து இன்னமும் கரி வாசனை வந்துகொண்டிருந்தது. கேட்கவில்லை. கேட்டது கியோக்கோ. சட்டை அளவெடுக்க என் கடைக்கு வந்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து, நெகேசாவின் கடைக்குப் பின்பக்கம் போனார். அங்கே மேசைக்கு அடியில் ஒரு சின்னக் கரியடுப்பு. அதில் அவளுக்கு மட்டுமான தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் முற்றத்துக்கு வந்து நின்று, நெகேசா மாதிரியே கையை வாயருகில் குவித்துக்கொண்டார். "எட்டு மாடியும் கேளுங்க. நமக்கெல்லாம் கக்கூஸ் கேஸ்ல சப்பாத்தி. நெகேசாவுக்கு மட்டும் கரியடுப்புல டீ."

ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நெகேசா தேநீர்ச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. அவளுக்கு வெட்கம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"உண்மதான்" என்றாள். "சப்பாத்தி சுடுறேன், விக்கிறேன். ஆனா அந்த அடுப்புல வெச்சத வாயில வெக்கப் போனா அந்தச் சாக்கட ஞாபகம் வந்துடுது. அத்தன நாளு என் வாசல்ல நின்னது. நான் என்ன செய்ய?"

யாரும் சிரிக்கவில்லை.  கியோக்கோ தாடையைச் சொறிந்துகொண்டே அவள் கையிலிருந்த சட்டியை வாங்கினார். கொட்டகைக்குப் போய், அந்தத் தேநீரைக் கொட்டிவிட்டு, புதுசாகத் தண்ணீரும் பாலும் இலையும் போட்டு நீல நெருப்பில் வைத்தார். பொங்கி வந்ததும் இரண்டு குவளையில் ஊற்றினார்.

"நானும் இதுவரைக்கும் இங்க ஒரு சொட்டு குடிச்சதில்ல. ரெண்டு பேரும் சேந்து குடிப்போம். வாந்தி எடுத்தா ரெண்டு பேருக்கும்தான மானம் போகும்."

"சக்கர போட்டியா?"

"போடல."

"போடு. நான் செத்தாலும் இனிப்பா சாகணும்."

சர்க்கரை போட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். எட்டு மாடியும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தது. நெகேசா குவளையைக் கவிழ்த்துக் காட்டினாள். "இவன் டீ போடுற லட்சணத்துக்கு, அடுப்புமேல குத்தம் சொல்லவே முடியாது" என்றாள். அதன்பிறகு கியோக்கோவின் வாளியில் எலும்பு விழவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மழை பொய்த்து, பைப்லைன் பேட்டை முழுக்கக் குழாய்கள் வாரக்கணக்கில் வறண்டன. மற்றக் கட்டடங்களில் கழிப்பறைகளைப் பூட்டி வைத்தார்கள். எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் மட்டும் கோரைப் படுகையிலிருந்து ஏறிய தண்ணீர் நின்றது. குடிக்கிற தண்ணீருக்கு நாங்களும் குடத்தோடு அலைந்தோம்தான். ஆனால் கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் இருந்தது, சந்து காய்ந்திருந்தது. சுகாதார அதிகாரிகள் வந்து இரண்டு தாள்களையும் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு போனார்கள்.

நெகேசாவின் போன் அடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். மழையில் ஏறிய கோட்டுக்காரர் தன் கட்டட உரிமையாளரோடு வந்து பார்த்தார். பிறகு வேறு வேறு பேர். அவூருக்குத் தொட்டி கட்டத் தெரியும், எட்டு மாடி ஆட்களை வாளியோடு கீழே இறக்க நெகேசாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்துக்கு அவூர் அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். சப்பாத்திக் கடையை இப்போது கமாண்டேயின் தங்கை நடத்துகிறாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை நானும் நெகேசாவோடு போனேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம், லிப்ட் கூட இருக்கிறது. முற்றத்தில் நின்ற ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்கள். மேலேயிருந்து ஒரு பெண், "எங்க வீட்டுக் குப்பையப் பாக்க நீ யாரு?" என்று கத்தினாள்.

நெகேசா அண்ணாந்து பார்த்தாள். எந்த மாடி என்று தேடிக் கண்டுபிடித்தாள். அவள் கண்கள் மின்னின.

"ஏழாவது மாடி, மஞ்சள் துணி கட்டுன அக்கா. கேள்வி நல்லாருக்கு. இறங்கி வந்து கேளு, அங்கேயிருந்து கேட்டா பாதி வார்த்த காத்துல போயிடுது. வரும்போது வாளியையும் எடுத்துட்டு வா."

அந்தப் பெண் இறங்கி வந்தாள். வாளி கொண்டு வரவில்லை, சண்டைக்குத்தான் வந்தாள். நெகேசா இடுப்பில் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டு, சிரித்தபடியே அவள் பக்கமாக நடந்தாள்.